ஊர் கதவடைத்தாலும் மருந்து நிற்கக் கூடாது



பல வீடுகளில் பேச்சே எழாத ஒரு சங்கதியை இந்த இதழில் எடுத்துக்கொள்வோம். வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி இருந்தால் அக்கம் பக்கத்தில் சொல்கிறோம். இரத்தக் கொதிப்பு இருந்தாலும் சொல்கிறோம். ஆனால் ஒருவர் குடியை விட முடியாமல் தவித்தாலோ, ஹெரோயின் பழக்கத்திலிருந்து மீள மருந்து குடித்து வந்தாலோ, அதை மட்டும் பாய்க்கு அடியில் மறைத்து வைக்கிறோம். மறைத்து வைத்தது ஊரார் கண்ணுக்குத் தெரியாது, உண்மைதான். ஆனால் ஆபத்து வரும் நாளில் ஓடி வந்து உதவக் கூடியவர்களின் கண்ணுக்கும் அது தெரியாமல் போய்விடுகிறதே, அதை யோசித்தோமா?

அப்படி ஓர் ஆபத்து நாள் நம் நாட்டுக்கு வந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் தேதி, கோவிட்-19 உலகம் முழுவதும் பரவிய பெருந்தொற்று என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறியது. ஒரே வாரத்தில், மார்ச் 18ஆம் தேதி, மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. பள்ளிக்கூடம் மூடியது; கோயில் மூடியது; எல்லை மூடியது. வீட்டுக்கு ஒருவர்தான் சாமான் வாங்க வெளியே போகலாம். அதுவும் பத்து கிலோமீட்டருக்குள்தான் என்றார்கள். சாலைத் தடுப்பில் போலீஸ்காரர் “எங்கே போகிறாய்?” என்று கேட்டார். பொருளை வாங்கப் போகிறவர் தைரியமாகப் பதில் சொன்னார். “போதைப் பழக்கத்துக்கு மருந்து குடிக்கப் போகிறேன், ஐயா” என்று சொல்ல வேண்டியவர் என்ன செய்திருப்பார்? நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நோய்த் தொற்றைத் தடுக்க ஊரை மூடியது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அது உயிர்களைக் காத்தது. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: ஊரைப் பூட்டலாம், ஒருவருடைய உடம்புக்குள் இருக்கும் பழக்கத்தைப் பூட்ட முடியாது. கதவை மூடினால் போதை நிற்பதில்லை, சிகிச்சைதான் நிற்கிறது.

“நல்லதாய்ப் போயிற்று” என்று எண்ணிய வீடுகள்

கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது சில வீடுகளில் பெண்கள் மனத்துக்குள் சாமிக்கு நன்றி சொல்லியிருப்பார்கள். ‘வெளியே போக முடியாது. கூட்டாளிகள் வர முடியாது. கையில் காசும் இல்லை. இனியாவது இவர் தானாகவே விட்டுவிடுவார்’ என்ற நம்பிக்கை. எத்தனை வருடக் கண்ணீரிலிருந்து பிறந்த நம்பிக்கை அது! அதைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால், சகோதரிகளே, உடம்பின் கணக்கு வேறு. பால்மரம் வெட்டிய கைகளுக்கு இது எளிதில் விளங்கும். பட்டையை மெல்லச் சீவினால் பால் வடியும். மரமும் பல வருடம் நிற்கும். அவசரப்பட்டு ஆழமாகக் கத்தியைப் பாய்ச்சினால் மரம் புண்ணாகிவிடும். பல வருடம் தினமும் குடித்தவரின் குடியை ஒரே நாளில் வெட்டுவதும் அப்படித்தான். குடியை நிறுத்தவே கூடாது என்பதல்ல என் பேச்சு, நிறுத்தத்தான் வேண்டும். எப்படி நிறுத்துவது, யார் பார்வையில் நிறுத்துவது என்பதே கேள்வி.

தினமும் மிகுதியாகக் குடிப்பவரின் மூளை, மதுவின் மந்தத்தை எதிர்த்து எப்போதும் முறுக்கேறியே வேலை செய்யப் பழகிவிடுகிறது. மது திடீரென்று நின்றால் அந்த முறுக்கு மட்டும் மிஞ்சுகிறது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்க்கும், வாந்தி வரும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத பூச்சியைத் தட்டுவார், இல்லாத ஆளோடு பேசுவார், காய்ச்சல் அடிக்கும், நெஞ்சு படபடக்கும். இந்தக் கட்டத்தை ‘பேய் பிடித்துவிட்டது’ என்று எண்ணி விபூதி போட்டு, கட்டிலில் கட்டி வைப்பவர்கள் உண்டு. விபூதி போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதே வேளையில் ஆம்புலன்சையும் கூப்பிடுங்கள். மருத்துவம் கிடைக்காவிட்டால் உயிர் போகக் கூடிய நிலை அது.

மருத்துவமனையில் இதற்கு வழி இருக்கிறது. முறுக்கைத் தணிக்கும் மாத்திரையை அளந்து கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வருவார்கள். குடிகாரரின் உடம்பில் வற்றிப் போகும் பி1 என்ற வைட்டமினையும் கொடுப்பார்கள். சில நாட்களில் ஆபத்துக் கட்டம் தாண்டிவிடும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் ‘ஆஸ்பத்திரிக்குப் போனால் கோவிட் வரும்’ என்ற பயமும், ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்ற வெட்கமும் சேர்ந்தால், கைக்கு எட்டும் வைத்தியம் வாய்க்கு எட்டாமல் போய்விடும்.

கடை மூடினால் நடப்பது என்ன?

கடையை மட்டும் மூடி, சிகிச்சையைத் திறந்து வைக்காத இடங்களில் நடந்ததைப் பாருங்கள்.

ஈரானில் 2020ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில், மது குடித்தால் கோவிட் வராது என்ற புரளி பரவியது. அங்கே மதுவுக்குத் தடை. கள்ளத்தனமாகக் கிடைத்ததோ மெத்தனால் கலந்த விஷம். ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள்; நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலை மாதக் கடைசியில், ஆந்திராவில் பிரகாசம் மாவட்டத்தைச் சேர்ந்த குறிச்சேடு என்ற ஊரில், தொற்று காரணமாக மதுக்கடைகள் மூடப்பட்டிருந்த வேளையில், கை கழுவும் கிருமிநாசினியைக் குடித்துப் பத்துப் பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். கேரளாவில் வேறொரு விதமான போராட்டம் நடந்தது. மது கிடைக்காத துயரத்தில் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டதாகச் செய்தி வந்ததும், மருத்துவர் சீட்டு இருந்தால் மது வழங்கலாம் என்று மாநில அரசு 2020 மார்ச் 30ஆம் தேதி ஆணை போட்டது. மருத்துவர்கள் எதிர்த்தார்கள். ‘குடி நோய்க்கு மருந்து இருக்கும்போது மதுவையே மருந்தாக எழுதிக் கொடுப்பதா?’ என்பது அவர்கள் வாதம். ஏப்ரல் 2ஆம் தேதி உயர் நீதிமன்றம் அந்த ஆணையை நிறுத்தி வைத்தது.

யார் பக்கம் நியாயம் என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த மூன்று ஊர்க் கதையும் ஒன்றையே காட்டுகிறது. தாகம் அப்படியே இருக்க, தண்ணீரை மட்டும் நிறுத்தினால், மனிதன் சாக்கடையையும் குடிப்பான். மலிவான சம்சு நம் தோட்டங்களில் செய்த அழிவை நம் பெரியவர்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள். 2018ஆம் ஆண்டு சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் மாண்டதும் நமக்கு மறந்திருக்காது. பணமும் கடையும் அடைபட்ட காலத்தில் அந்தப் பாட்டில் மறுபடியும் கதவைத் தட்டும். குடித்த மறுநாள் ஒருவருக்குக் கண் மங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, வயிற்றைப் புரட்டினாலோ, ‘தூங்கி எழுந்தால் சரியாகும்’ என்று விட்டுவிடாதீர்கள். அது மெத்தனாலாக இருக்கலாம். கண்ணும் போகும், உயிரும் போகும்.

மெத்தடோன்: விஷமா, மருந்தா?

இனி ஹெரோயின் பழக்கத்துக்கு வருவோம்.

நம் நாட்டில் 2002ஆம் ஆண்டில் மட்டும் 6,978 பேருக்குப் புதிதாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஒரே ஊசியைப் பலர் போட்டுக்கொண்டதால் அதைப் பெற்றவர்கள். பிடித்து அடைத்தும் பார்த்தாயிற்று. அறிவுரை சொல்லியும் பார்த்தாயிற்று. பிறகுதான் அரசாங்கம் வேறொரு வழியைத் திறந்தது. 2005ஆம் ஆண்டு அக்டோபரில் மெத்தடோன் சிகிச்சையைத் தொடங்கினார்கள். 2006ஆம் ஆண்டில் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு சுத்தமான ஊசி கொடுக்கும் திட்டம் வந்தது. ஊசி வழியாக வந்த புதிய தொற்று அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் வெகுவாகக் குறைந்தது. ஒருவர் பழக்கத்தை முழுதாக விடும் நாள் வரும்வரை, அவர் சாகாமலும், நோய் வாங்காமலும், வீட்டுக்கு நோய் கொண்டு வராமலும் பார்த்துக்கொள்வதற்குத்தான் ‘தீங்கு குறைத்தல்’ என்று பெயர்.

மெத்தடோன் என்பது வாய் வழியே குடிக்கும் மருந்து. ஹெரோயின் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். இறங்கியதும் உடம்பு முறியும். மறுபடி தேடி ஓட வேண்டும். மெத்தடோன் மெதுவாக வேலை செய்யும். ஒரு வேளை குடித்தால் ஒரு நாள் தாங்கும். சரியான அளவில் குடிப்பவருக்குக் கிறுகிறுப்பு இல்லை. உடம்பு முறிவும் இல்லை. காலையில் எழுந்து வேலைக்குப் போகலாம். சம்பளத்தை வீட்டில் கொடுக்கலாம். 2005ஆம் ஆண்டிலேயே உலகச் சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

“ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?” என்று பாட்டிமார்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. மெத்தடோனை விட்டாலும் உடம்பு தவிக்கும் என்பது உண்மைதான். ஆனால் இன்சுலின் போடும் சர்க்கரை நோயாளியும் அதை விட்டால் தவிக்கிறார். அவரை யாரும் ‘ஊசிக்கு அடிமை’ என்று சொல்வதில்லை. ஒரு பொருள் மனிதனைத் திருட வைக்கிறதா, அல்லது வேலைக்கு அனுப்புகிறதா? அதைப் பார்த்துத்தான் அது விஷமா மருந்தா என்று சொல்ல வேண்டும்.

இந்த மருந்தில் ஒரு சங்கடம் உண்டு. தொடக்கத்தில் தினமும் கிளினிக்குக்குப் போய், மருந்தாளர் கண் முன்னால் குடிக்க வேண்டும். விற்றுவிடக் கூடாது, பிள்ளைகள் கையில் கிடைத்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த விதி. நல்ல விதிதான். ஆனால் 2020 மார்ச்சில் அந்த விதியே கழுத்தை நெரிக்கும் கயிறாக ஆயிற்று. தோட்டத்திலிருந்து கிளினிக் இருபது முப்பது கிலோமீட்டர் என்றால், பஸ் இல்லாத நாளில் என்ன செய்வது?

உலகம் என்ன செய்தது?

உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு நடுவில் 130 நாடுகளை விசாரித்தது. அவற்றில் 65 விழுக்காட்டு நாடுகளில் தீங்கு குறைக்கும் சேவைகள் தடைபட்டிருந்தன. மெத்தடோன் போன்ற சிகிச்சை 45 விழுக்காட்டு நாடுகளில் தடைபட்டிருந்தது. மருந்தைச் சார்ந்து இருப்பவர்களுக்கு இது அரிசி கிடைக்காமல் போவதற்குச் சமம்.

ஆனாலும் பல நாடுகள் விழித்துக்கொண்டன. தினமும் ஒரு வேளை என்ற வழக்கத்தை மாற்றி, நிலையாக இருப்பவர்களுக்குப் பல நாள் மருந்தை மொத்தமாகக் கையில் கொடுத்தார்கள். நம் நாட்டுக் கிளினிக்குகளிலும் இப்படி வீட்டுக்குக் கொண்டு போகும் மருந்தின் நாட்களைக் கூட்டினார்கள். அமெரிக்காவில் 2020 மார்ச் மாதமே விதியைத் தளர்த்தினார்கள். நிலையாக இருப்பவருக்கு 28 நாள் வரை, அவ்வளவு நிலைபெறாதவருக்கு 14 நாள் வரை கொடுக்கலாம் என்றார்கள். ஆலோசனையும் குழுக் கூட்டங்களும் தொலைபேசிக்கு மாறின. 1935ஆம் ஆண்டில் தொடங்கிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்ற குடிநோயாளர் கூட்டங்கள்கூட, நாற்காலி போட்டு வட்டமாக உட்கார்ந்த வழக்கத்தை விட்டுக் கைப்பேசித் திரைக்குள் கூடின.

‘மொத்தமாகக் கொடுத்தால் மொத்தமாகக் குடித்துச் சாவார்களே’ என்று பயந்தவர்கள் உண்டு. நடந்தது என்ன? அமெரிக்காவில் போதை மிஞ்சி இறந்தவர்களில் மெத்தடோன் சம்பந்தப்பட்ட பங்கு 2019 ஜனவரியில் 4.5 விழுக்காடாக இருந்தது. 2021 ஆகஸ்டில் 3.2 விழுக்காடாகக் குறைந்திருந்தது. அந்தக் காலத்தில் அந்த நாட்டில் மொத்தப் போதை மரணங்கள் கூடின. 2021 ஏப்ரலில் முடிந்த பன்னிரண்டு மாதங்களில் முதல் முறையாக ஒரு லட்சத்தைத் தாண்டின என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கொலைகாரன் பெரும்பாலும் கள்ளச் சந்தையில் விற்கும் ஃபென்டனில். கிளினிக்கில் கொடுத்த மெத்தடோன் அல்ல. அதனால்தான் நெருக்கடிக்காகப் போட்ட தளர்வை 2024ஆம் ஆண்டில் அவர்கள் நிரந்தர விதியாகவே ஆக்கிவிட்டார்கள். நம்பிக் கொடுத்தார்கள், பெரும்பாலோர் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றினார்கள்.

மருந்து வீட்டுக்கு வந்தால்

நம்பிக்கையோடு பொறுப்பும் வீட்டுக்கு வருகிறது. இதை அம்மாமார்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

பல வருடம் பழகிய ஒருவருக்கு மருந்தாக இருக்கும் மெத்தடோன், பழகாத குழந்தைக்கு விஷம். ஒரு மொடக்கு போதும், மூச்சு நின்றுவிடும். ஆகவே மருந்துப் பாட்டில் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்கவே கூடாது. சாமி மேடை உயரமாக இருக்கிறது என்று அங்கே வைக்காதீர்கள். நாற்காலி போட்டு ஏறத் தெரியாத பிள்ளை எங்கே இருக்கிறது? சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். மருந்தை வீட்டில் வேறு யாருக்கும், பல்வலிக்கோ இடுப்பு வலிக்கோ, ஒரு துளி கூடக் கொடுக்கக் கூடாது.

மெத்தடோன் குடிப்பவர் அதோடு மதுவோ தூக்க மாத்திரையோ சேர்த்துக்கொண்டால் மூச்சு மந்தமாகிவிடும். ஒருவர் எழுப்பினாலும் எழாமல், வழக்கத்துக்கு மாறான குறட்டை விட்டு, உதடு நீலம் பாரித்து, கண்ணின் கருமணி குண்டூசி முனை போல் சுருங்கிக் கிடந்தால், அது தூக்கமல்ல. உடனே 999க்கு அழையுங்கள். மூச்சு இருந்தால் அவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். என்ன குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை அவர் உயிரைக் காக்கும்.

விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

பழக்கப்பட்ட உடம்பு பெரிய அளவையும் தாங்கும். சில நாள் நிறுத்தினால் அந்தத் தாங்கும் சக்தி இறங்கிவிடுகிறது. ஆனால் மனம் பழைய அளவையே நினைத்துக்கொண்டிருக்கும். நேற்றுவரை தாங்கிய அளவு இன்று ஆளையே கொன்றுவிடும். ஆகவே மெத்தடோன் மருந்தை ஒருவர் தொடர்ந்து மூன்று நாளோ அதற்கு மேலோ விட்டுவிட்டால், நான்காம் நாள் பழைய அளவைத் தானாகக் குடிக்கக் கூடாது. விட்ட நாட்களுக்கும் சேர்த்து ஈடுகட்டிக் குடிப்பது அதைவிட ஆபத்து. கிளினிக்கில் உண்மையைச் சொன்னால் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள்.

சிறையிலிருந்தோ மறுவாழ்வு மையத்திலிருந்தோ வீடு திரும்பும் பிள்ளைக்கும் இதே கதைதான். அங்கே பல மாதம் சுத்தமாக இருந்திருப்பான். வீட்டார் மகிழ்ந்து, கெடா வெட்டி, சாமி கும்பிட்டு, ‘எல்லாம் முடிந்தது’ என்று விட்டுவிடுவார்கள். வெளியே வந்த முதல் சில வாரங்களே மிக ஆபத்தான வாரங்கள். பழைய கூட்டாளி ஒருவன், பழைய அளவு ஒரு முறை, அவ்வளவுதான். அவன் வீடு திரும்பும் முன்பே எந்தக் கிளினிக்கில் தொடர்வது என்று கேட்டு வையுங்கள்.

ஊர் மூடும் காலத்திலும் இப்படித்தான். கட்டுப்பாடு இருக்கும் வரை சரக்குக் கிடைக்காமல் இருக்கலாம். கட்டுப்பாடு தளர்ந்த வாரம்தான் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டிய வாரம்.

நாம் என்ன செய்யலாம்?

‘இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை’ என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது சரியல்ல. மலாயாப் பல்கலைக்கழகத்து அர்-ரஹ்மான் பள்ளிவாசலில் 2010ஆம் ஆண்டு மெத்தடோன் வழங்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். வழிபடும் இடத்திலேயே மருந்தும் கிடைத்தது. மருந்து வாங்க வந்தவரை யாரும் நாயைப் போல் விரட்டவில்லை. நம் கோயில்களும் சங்கங்களும் இதைப் பார்த்துச் சிந்திக்கலாம். திருவிழாவுக்குத் தேரையும் காவடியையும் எத்தனை ஒழுங்கோடு ஏற்பாடு செய்கிறோம்! அடுத்த முறை ஊர் மூடும்போது, கிளினிக்குக்குப் போக வேண்டிய நான்கு பேரை ஒரு வேனில் ஏற்றிக் கூட்டிப் போக ஓர் ஆளை நியமிக்க நம்மால் முடியாதா? ஊர் மூடுவதற்குத் தொற்று நோய்தான் வர வேண்டும் என்பதில்லை. வெள்ளம் வந்து பாலம் அறுந்தாலும் மருந்து நின்றுவிடும். 2021 டிசம்பரில் சிலாங்கூரிலும் பகாங்கிலும் வந்த வெள்ளத்தில் சாலைகள் எப்படித் துண்டாயின என்பதைக் கண்டோமே!

தோட்டத்தில் டிரஸர் இருந்தால் அவரிடம் இரகசியமாகப் பேசி வையுங்கள். ‘ஐயா, என் வீட்டுக்காரர் தினமும் குடிப்பவர். திடீரென்று நின்றால் நடுங்குகிறார்’ என்று முன்னமே சொல்லி வைப்பது மானக்கேடல்ல. தீப்பிடிக்கும் முன்பே வாளியில் தண்ணீர் பிடித்து வைப்பது போன்றது அது. டிரஸர் இல்லாத தோட்டமானால், பக்கத்துச் சுகாதாரக் கிளினிக்கில் கேட்டு வையுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டில் அடைபட்ட காலத்தில் அடி உதையும் கூடும். சிகிச்சை என்பது அவருக்கு மட்டும் அல்ல; உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு வேண்டும். கை நடுக்கத்துக்கு மருந்து உண்டு. கை ஓங்குவதற்கு மன்னிப்புக் கிடையாது. ஆபத்து என்றால் பொறுத்துக்கொண்டிராமல் 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்கு அழையுங்கள். உயிருக்கே ஆபத்து என்றால் 999.

கத்தரித்துக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள்

1. மருந்து எத்தனை நாளுக்குக் கையிருப்பு என்று வாரா வாரம் எண்ணிப் பாருங்கள். மூன்று நாளுக்குக் கீழே இறங்கும் முன்பே கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள்.

2. கிளினிக் அட்டை, மைக்கார்டு, மருந்தின் பெயரும் அளவும் எழுதிய சீட்டு மூன்றையும் ஒரே பிளாஸ்டிக் பையில் வையுங்கள். சாலைத் தடுப்பில் காட்டவும், வேறு ஊர்க் கிளினிக்கில் காட்டவும் அதுவே துணை.

3. எச்.ஐ.வி., காசநோய் மருந்து சாப்பிடுபவரானால் அதையும் அதே பையில் குறித்து வையுங்கள். அந்த மருந்தும் ஒரு நாள் கூட விடக் கூடாதது.

4. தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால், வலிப்பு, புத்தித் தடுமாற்றம், காய்ச்சல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

5. மெத்தடோன் மூன்று நாள் விட்டுப் போனால் கிளினிக்கைக் கேட்காமல் மறுபடி குடிக்க வேண்டாம்.

6. மருந்துப் பெட்டிக்குப் பூட்டு. சாவி ஒருவரிடம்.

7. காலி மெத்தடோன் பாட்டிலைக் கழுவாமல் எறியாதீர்கள். அதில் மிஞ்சிய துளியும் குழந்தைக்கு ஆபத்து.

8. பழக்கம் உள்ளவரைத் தனியாக அடைத்து வைக்காதீர்கள். ஆள் துணை இல்லாதபோதுதான் பலர் இறக்கிறார்கள்.

வாசகர்களே, நம் பாட்டன்மார்கள் கப்பலேறி வந்தபோது மலேரியா ஒரு பக்கம், காடு ஒரு பக்கம், கள்ளுக்கடை ஒரு பக்கம் என்று மூன்றோடும் போராடினார்கள். மலேரியாவுக்கு மருந்து வந்தது, காடு தோட்டமாயிற்று. மூன்றாவது மட்டும் இன்னும் நம்மை விட்டபாடில்லை. அதற்கும் மருந்து உண்டு என்பது தெரிந்த காலத்தில் நாம் வாழ்கிறோம். அந்த மருந்தை வெட்கத்தால் ஒரு நாளும் நிறுத்தாமல், அடுத்த கதவடைப்பு வரும் முன்பே ஏற்பாடு செய்து வைக்கும் குடும்பம்தான் தப்பிக்கும்.

இதை வாசித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் லயத்தில், உங்கள் தாமானில், இது யாருக்குத் தேவை என்று உங்களுக்கே தெரியும். அவர் பெயரைச் சொல்லாமல், முகத்தைப் பார்த்துச் சிரிக்காமல், இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டு வாருங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.